இருபத்தோரிலக்க எண்ணொன்றின் சரித்திரம்

147573952589676412927.

இவ்வெண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். பதினான்கு இலட்சத்து எழுபத்தையாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்பது கோடாகோடி. அதன்மேல் ஐம்பத்திரண்டு இலட்சத்து ஐம்பத்தெண்ணாயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தேழு கோடி. அதற்கும் மேல் அறுபத்து நான்கு இலட்சத்துப் பன்னீராயிரத்துத் தொளாயிரத்து இருபத்தேழு. படிப்பதற்கே இவ்வளவு பாடென்றால், இதனை வேறோர் எண்ணால் மீதியின்றி வகுக்க முடியுமா முடியாதா என்று ஆராய்ந்தவர்களின் பாடு எத்தகையதாயிருந்திருக்கும்! 1644ஆம் ஆண்டிலே ஒருவர் முடியாது என்றார். 1876இல் இன்னொருவர் முடியும் என்றார். ஆனால் எவ்வெண்ணால் என்று அவராற் சொல்ல முடியவில்லை. 1903இலே மூன்றாமவர் ஒருவர் ஒன்றுமே பேசாமல் வகுக்கும் எண்ணை எழுதிக் காட்டினார். இடையிற் கழிந்தவை 259 ஆண்டுகள். அவ்வாண்டுகளின் கதையே இக்கட்டுரை.

இவ்வெண் பிறந்த விதம் மிக எளிது. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டு போய், அறுபத்து நான்கு கட்டங்களுக்குமுரிய நெல்லைப் பரிசாகக் கேட்ட அறிஞனின் கதையைக் கேளாதார் நம்மிலே இரார். அவ்வறிஞன் கேட்ட தொகை, இரண்டின் 64ஆம் வலுவில் ஒன்று குறைந்தது. பலகையில் இன்னும் மூன்று கட்டங்கள் இருந்திருக்குமாயின் தொகை இரண்டின் 67ஆம் வலுவில் ஒன்று குறைந்ததாயிருக்கும். அதுவே நாம் மேலே எழுதிய எண். அரசன் கொடுக்க முடியாமற் கைவிரித்த நெல்லைப்போல் எட்டு மடங்கும் மேலும் ஏழு மணியும் என்க. அறுபத்து நான்கு கட்டத் தொகையைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. அதன் கடைசி இலக்கம் 5, ஆகவே அது 5ஆல் வகுபடும். அறுபத்தேழு கட்டத் தொகையோ தன் இரகசியத்தை அவ்வளவு எளிதில் வெளிவிடவில்லை.

தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறொன்றாலும் வகுபடாத எண்ணை முதன்மை எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11, 13 என்பன அத்தகையன. இவை எண்ணற்றவை என்பதை யூக்கிளிட்டு கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டளவிலேயே நிறுவிவிட்டார். அவருடைய நூலின் ஒன்பதாம் புத்தகத்திலே வேறொரு தேற்றமும் உண்டு. ஒன்றிலிருந்து தொடங்கி இரட்டித்து இரட்டித்துக் கூட்டுக. கூட்டுத்தொகை முதன்மை எண்ணாக அமையுமானால், அதனைக் கடைசியாகக் கூட்டிய எண்ணாற் பெருக்குக. வருவது ஒரு நிறைவெண். 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 7. அது முதன்மை எண். 7ஐ 4ஆற் பெருக்க 28. இந்த 28ஐ வகுக்கும் சிறிய எண்களாகிய 1, 2, 4, 7, 14 என்பவற்றைக் கூட்டினால் மீண்டும் 28 வரும். தன் உறுப்புக்களெல்லாம் சேர்ந்து தானேயாக நிற்கும் இத்தகைய எண்களில் அக்காலத்தவர் பெருமயக்கங் கொண்டிருந்தனர். இறைவன் ஆறு நாட்களில் உலகைப் படைத்ததனால் ஆறு நிறைவெண் ஆகவில்லை, ஆறு நிறைவெண்ணாக இருந்தமையாலேயே படைப்பு ஆறு நாட்களில் முடிந்தது என்ற கருத்திலே புனித அகுஸ்தீன் எழுதியுள்ளார். 6, 28, 496, 8128 என்ற நான்கையும் பண்டையோர் அறிந்திருந்தனர். ஐந்தாவது 33550336. அது ஐரோப்பியச் சுவடியொன்றிற் காணப்படுவது பதினைந்தாம் நூற்றாண்டிலேதான்.

ஆகவே நிறைவெண்ணைத் தேடுவோர் இரண்டின் வலுக்களில் ஒன்று குறைந்த எண்களுள் முதன்மையானவற்றைத் தேடவேண்டியவராயினர். வலுவின் சுட்டி முதன்மை எண்ணாயிராவிட்டால் வருவதும் முதன்மை எண்ணாகாது என்பது எளிதிற் புலப்படும். மறுதலை உண்மையா? 2, 3, 5, 7 வரை உண்மையே: 3, 7, 31, 127 எல்லாம் முதன்மை எண்கள். பதினொன்றிலே கால் வழுக்குகிறது. இரண்டின் 11ஆம் வலுவில் ஒன்று குறைந்தது 2047. அது 23ஐ 89ஆற் பெருக்க வருவது. இங்கேதான் சிக்கல் பிறந்தது. எந்தச் சுட்டி பலிக்கும், எது பொய்க்கும் என்பதற்கு ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. இத்தாலியக் கணிதராகிய கத்தால்டி 17, 19 ஆகிய சுட்டிகள் பலிக்கும் என்று ஒவ்வொரு முதன்மை எண்ணாலும் வகுத்துப் பார்த்தே நிறுவினார். அதனோடு நில்லாமல் 23, 29, 31, 37 என்பனவும் பலிக்கும் என்று சொல்லிவைத்தார். அவற்றுள் 23ஐயும் 37ஐயும் 1640இல் பெர்மா வீழ்த்தினார்: முன்னையதை 47 வகுக்கும், பின்னையதை 223 வகுக்கும். 29ஐப் பிற்காலத்தில் ஒயிலர் வீழ்த்தினார். கத்தால்டியின் நான்கு வாக்குகளில் தப்பியது 31 ஒன்றே.

நிற்க. இனி நம் கதைக்குரியவரிடம் வருவோம். மரின் மெர்சென் என்பார் 1588இற் பிறந்து 1648இல் மறைந்த பிரெஞ்சுத் துறவி. மினிம் சபையைச் சேர்ந்தவர். பாரிசு நகரத்து மடத்தில் வாழ்ந்தவர். விஞ்ஞானச் சங்கங்களும் சஞ்சிகைகளும் தோன்றாத அக்காலத்திலே அவருடைய அறையே ஐரோப்பிய விஞ்ஞானத்தின் தபாற் கந்தோராயிருந்தது எனலாம். தெக்காட்டு, பெர்மா, கலிலியோ, தொரிச்செல்லி முதலியோருக்கு அவர் எழுதுவார். ஒருவருடைய புதுக்கருத்தை மற்றவருக்கு அறிவிப்பார். வினாக்களை எழுப்பி விடைகளைத் தூண்டுவார். இப்பணி செய்தவர் புகழுக்குரியவரே. ஆனால் 1644இல் வெளியிட்ட நூலொன்றின் முகவுரையில், 257 வரையுள்ள சுட்டிகளிலே 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்ற பதினொன்று மட்டுமே முதன்மை எண்களைத் தரும், ஏனையவெல்லாம் பொய்க்கும் என்று எழுதிவைத்தார். நிறுவல் ஒன்றும் தரவில்லை. பதினைந்து இருபது இலக்கமுள்ள ஓரெண் முதன்மையானதா என்று சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்ற கருத்தையும் அவரே தெரிவித்திருக்கிறார். அங்ஙனமாயின் எழுபத்தெட்டு இலக்கங் கொண்ட 257ஆம் எண்ணைப் பற்றி அவர் எவ்வாறு அறிந்தார்? கேட்பாரில்லை.

கேட்பாரில்லை என்றதிற் சிறிது விளக்கம் வேண்டும். 1772இல் ஒயிலர், சுட்டி 31 தரும் 2147483647 உண்மையிலேயே முதன்மை எண்தான் என்று நிறுவினார். அதனால் மெர்சென் பட்டியலுக்கு மதிப்பு ஏறியது. ஒன்று சரியாயிருந்தால் மற்றவையும் சரியாயிருக்கும் என்று நம்புவது மனித இயல்பு. பெரியார் வாக்கு, அச்சில் ஏறிய வாக்கு, மறுப்பதற்குக் கணக்கோ மிகப் பெரிது. ஆகவே பட்டியல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது. இன்று நாம் முழுவிடையும் அறிந்தவர்களாகையால் அவருடைய விடைத்தாளைத் திருத்திப் பார்க்கலாம். 257 வரையுள்ள முதன்மைச் சுட்டிகள் 55. அவற்றுள் 50இற்கு அவர் சொன்ன விடை சரி. பரீட்சையானால் நூற்றுக்குத் தொண்ணூறு! ஆனால் இவ்வெற்றியைக் கண்டு மயங்கலாகாது. 31இற்கு மேற்பட்ட சுட்டி எதுவும் பலிக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் ஒருவனுக்கு நேர்ந்திருக்கும் பிழைகள் நான்கு. மெர்சென் செய்தவை ஐந்து.

இப்பட்டியலில் முதன்முதலாக விழுந்த ஓட்டை நம்முடைய 67. அதைத் துளைத்தவர் எடுவாட்டு லூக்காசு. 1842இல் பிறந்த இப்பிரெஞ்சுக் கணிதர் 1870ஆம் ஆண்டுப் போரிலே பீரங்கிப் படையிற் பணிபுரிந்தவர், பின்னர் ஆசிரியரானவர். விளையாட்டுக் கணக்குகளில் மிகுந்த விருப்பமுடையவர். மூன்று முளைகளும் துளையிட்ட வட்டத் தட்டுக்களுங் கொண்ட ‘அனோய்க் கோபுரம்’ என்ற விளையாட்டை 1883இல் வெளியிட்டவர் அவரே. காசிக் கோயிலிலே பிராமணர் அறுபத்து நான்கு பொற்றட்டுக்களை இரவு பகலாக முளைக்கு முளை மாற்றிக்கொண்டிருக்கின்றனர், மாற்றி முடியும்போது உலகமும் முடியும் என்ற கட்டுக்கதை அவ்விளையாட்டோடு சேர்ந்து பாரிசிற் பரவியது. காசியை அறிந்த நம் பெரியோர் இதைக் கேட்டுச் சிரிப்பர். ஆயினும் அக்கணக்குப் பொய்யன்று. அறுபத்து நான்கு தட்டுக்களுக்கு வேண்டிய மாற்றங்கள் சதுரங்க நெல்லின் தொகையே. விநாடிக்கு ஒன்றாக மாற்றினாலும் ஐம்பத்தெண்ணாயிரங் கோடி ஆண்டுக்கு மேற் செல்லும்.

லூக்காசு கண்ட வழியின் அழகு, வகுத்துப் பார்க்காமலே ஓரெண்ணைச் சோதிப்பது. 1930இல் அமெரிக்கராகிய லேமர் அதனைத் திருத்தமான வடிவில் அமைத்தார். அவ்வடிவை இங்கே தருகிறோம். எட்டாம் வகுப்பு மாணவனும் செய்து பார்க்கலாம். 4இல் தொடங்குக. அதனை வர்க்கித்து 2ஐக் கழிக்க. வருவதைச் சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. மீண்டும் வர்க்கித்து 2ஐக் கழிக்க. சுட்டியிலும் இரண்டு குறைந்த தடவை இப்படிச் செய்தபின் மீதி பூச்சியமானால் எண் முதன்மையானது, பூச்சியமாகாவிட்டால் அன்று. சுட்டி 5ஐ எடுத்துக்கொள்வோம், எண் 31, மூன்று தடவை செய்யவேண்டும். 4இலிருந்து 14, 14இலிருந்து 194, அதாவது 31ஆல் வகுக்க மீதி 8, 8இலிருந்து 62, மீதி பூச்சியம். ஆகவே 31 முதன்மை எண். சுட்டி 11ஐ எடுத்து ஒன்பது தடவை செய்தால் 14, 194, 788, 701, 119, 1877, 240, 282 என்று சென்று கடைசியில் 1736 நிற்கும். பூச்சியமில்லை. எனவே 2047 முதன்மை எண்ணன்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 23 என்றோ 89 என்றோ இக்கணக்கில் எங்கும் வரவில்லை. எண் உடையும் என்று தெரிந்துகொண்டோம். எங்கே உடையும் என்பது தெரியவில்லை. பூட்டிய உண்டியலைக் காதருகே குலுக்கிப் பார்த்து, உள்ளே இருப்பது ஒரு காசன்று என்று சொல்வது போன்றது இது.

1876இல் லூக்காசு தம் முறையால் இரு முடிவுகளைத் தந்தார். ஒன்று, சுட்டி 127 தரும் 39 இலக்க எண் முதன்மையானது என்பது. அதுவரை எவரும் அறியாத பெரிய முதன்மை எண் அதுவே. எழுபத்தைந்து ஆண்டுக்காலம் அப்பெருமையை அது இழக்கவில்லை. மற்றது, சுட்டி 67 பொய்க்கும் என்பது. மெர்சென் சரியென்றதில் ஒன்று நிலைத்தது, ஒன்று சரிந்தது. லூக்காசு 1891இல் விருந்தொன்றின்போது உடைந்த தட்டின் துண்டு கன்னத்திற் பட்ட காயம் புரையோடி, ஐம்பது வயதுக்கு முன்னமே இறந்தார்.

இதற்கிடையில் உருசியாவின் ஊரல் மலைப் பக்கத்துக் கிராமமொன்றிலே குருவானவராயிருந்த பெர்வூசின் என்பவர், 1883இல் சுட்டி 61 பலிக்கும் என்று நிறுவினார். மெர்சென் பட்டியலில் 61 இல்லை. சிலர் உடனே மெர்செனுக்காக வாதாட முன்வந்தனர்: துறவியார் 61 என்றே எழுதியிருப்பார், அச்சுக்கோப்பவன் 67 ஆக்கிவிட்டான் என்றனர். அச்சுக்கோப்பவர் தலையிலே பழியைப் போடுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கந்தான் போலும்! 89, 107 ஆகிய சுட்டிகளும் பலிக்கும் என்பது 1911இலும் 1914இலும் வெளிப்பட்டபின் அவ்வாதம் வலுவிழந்தது. அவ்விரண்டையும் கண்ட பவர்ஸ் என்பார் அமெரிக்க இருப்புப்பாதைக் கம்பெனியொன்றில் வேலை பார்த்தவர். கிராமக் குருவானவரும் புகையிரத ஊழியரும் சர்வகலாசாலைப் பேராசிரியர்களுக்குச் சமமாகப் பெயர் பெற்ற துறை இது என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்வார்களாக.

இனி 67இன் காரணிகள். ஓரெண்ணை உடைக்க அதன் வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தாற் போதும். நம் எண்ணின் வர்க்கமூலம் ஏறக்குறைய 1215 கோடி. அதற்குட்பட்ட முதன்மை எண்கள் ஐம்பது கோடிக்கு மேல். நிமிடத்துக்கொன்றாக ஊணுறக்கமின்றி வகுத்தாலும் தொளாயிரம் ஆண்டுக்கு மேல் வேண்டும். நல்லகாலமாக எல்லாவற்றாலும் வகுக்க வேண்டியதில்லை. இவ்வெண்ணின் காரணி எதுவாயினும் அது 134இன் மடங்கொன்றிலும் ஒன்று கூடியதாயிருக்க வேண்டும் என்பது பெர்மாவின் காலத்திலிருந்தே அறியப்பட்டது. 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வரவேண்டும் என்பதும் தெரிந்ததே. விடையை அறிந்த நாம் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்தோம்: இவ்விரு விதிகளையும் வைத்துக்கொண்டு, 3இன் மடங்குகளையும் 5இன் மடங்குகளையும் தள்ளிவிட்டு வரிசையாக வகுத்து வந்தாலும், சிறிய காரணியை எட்டுமுன் மூன்று இலட்சத்து எண்பத்தையாயிரம் வகுத்தல்கள் செய்யவேண்டும். ஒன்றுக்குப் பத்து நிமிடம், நாளொன்றுக்கு எட்டு மணி, அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்று கொண்டால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகும்.

இவ்வேலையை முடித்தவர் பிராங்கு நெல்சன் கோல். 1861இல் அமெரிக்காவின் மசாசூசெற்சு மாகாணத்திற் பிறந்து, ஆவாட்டிற் கற்று, செருமனியின் இலைப்சிக்கு நகரிலே பெலிக்சு கிளைனிடம் பாடங்கேட்டவர். 1895 முதல் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாச் சர்வகலாசாலையிற் பேராசிரியர். அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் காரியதரிசியாக 1896இலிருந்து 1920 வரை உழைத்தவர். சங்கத்தின் சஞ்சிகையையும் நடத்தியவர். சங்கக் காரியதரிசி வேலை எத்தகையது என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கடிதம், கணக்கு, கூட்ட அறிவித்தல், அச்சுப்பிழை திருத்தம் என்று வார நாட்கள் போய்விடும். எஞ்சுவது ஞாயிறு.

அவர் வரிசையாக வகுத்துப் பார்க்கவில்லை. வர்க்க மீதிகள் என்ற கொள்கையைக் கையாண்டார். நம் எண்ணால் வகுக்கும்போது ஒரு வர்க்கம் விடும் சிறிய மீதி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், காரணியாகக்கூடிய முதன்மை எண்களில் ஏறக்குறையப் பாதி அடிபட்டுப் போகும். இரண்டாவது மீதி கிடைத்தால் எஞ்சியதிற் பாதி போகும். பத்து மீதிகள் கிடைத்தால் ஆயிரத்துக்கு ஒன்றளவே நிற்கும். அரிசியைச் சுளகிற் புடைத்துப் புடைத்துக் கல்லைத் தேடுவது போன்ற வேலை. புடைக்கப் புடைக்கச் சுளகு இலேசாகும். ஆனால் ஓரிடத்திற் கூட்டற்பிழை நேர்ந்தால் தேடிய கல்லே தவிட்டோடு போய்விடும். இயந்திரமின்றிக் காகிதத்திலே இதனைச் செய்தவரின் பொறுமையை எண்ணுந்தோறும் வியப்பே உண்டாகிறது.

1903 அக்டோபர் 31ஆம் நாள், சனிக்கிழமை, கணிதச் சங்கத்தின் கூட்டம் நியூயோர்க்கிலே நடைபெற்றது. பேரெண்களைக் காரணிப்படுத்தல் என்ற பொருளிற் கோல் உரை நிகழ்த்துவாரென நிரலில் இருந்தது. நடந்ததைப் பின்னாளில் எழுதியவர் எரிக்கு தெம்பிள் பெல். கோல் எழுந்து கரும்பலகையை அடைந்தார். வெண்கட்டியை எடுத்து, இரண்டை 67ஆம் வலுவுக்கு உயர்த்தும் கணக்கைச் செய்தார். ஒன்றைக் கழித்தார். பின்பு பலகையின் வெற்றிடத்துக்கு நகர்ந்து, 193707721 என்றும் 761838257287 என்றும் இரு எண்களை எழுதி, ஒன்றன்கீழ் ஒன்றாக வரி வரியாகப் பெருக்கினார். இரு கணக்கும் ஒரே எண்ணில் வந்து முடிந்தன. வெண்கட்டியை வைத்துவிட்டுத் தம்மிடத்திற் சென்று அமர்ந்தார். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. அவையோர் கைதட்டினர், கட்டுரை படித்தவர் ஒருவரை அச்சங்கத்தார் அவ்வாறு ஆரவாரித்தமை அதுவே முதன்முறை என்கிறார் பெல். கேள்வி கேட்டவர் ஒருவருமிலர். இதற்கு எவ்வளவு காலஞ் சென்றது என்று 1911இலே தாம் கோலை வினவியதாகவும், மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்று அவர் விடையிறுத்ததாகவும் பெல் எழுதுகிறார்.

பெல் அக்கூட்டத்தில் இருந்தவரல்லர். கதையைச் சுவையாகச் சொல்வதில் வல்லவர். சுவைக்காகச் சிறிது உப்புப் புளி சேர்ப்பவர் என்றும் அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. ஆகவே கைதட்டலின் அளவையும் மௌனத்தின் ஆழத்தையும் நாம் சத்தியம் செய்து கூற வரவில்லை. ஐயத்துக்கு இடமில்லாதது ஒன்று உண்டு. அந்தப் பெருக்கல் யாருடைய சாட்சியத்தையும் வேண்டி நிற்கவில்லை. சரித்திரத்திலே வேறெந்த நிகழ்ச்சியையும் இப்படி மறுபடி நடத்திப் பார்க்க முடியாது. போர் நடந்ததா என்பதற்குக் கல்வெட்டைத் தேடவேண்டும். கோல் எழுதியது சரியா என்பதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.

நாமும் விடுதி நண்பர் இருவரும் சேர்ந்து அதைச் செய்து பார்த்தோம். பன்னிரண்டு இலக்கத்தை ஒன்பது இலக்கத்தாற் பெருக்குவதெனில் 108 சிறு பெருக்கல்கள். உருத்திராக்க மாலை ஒன்று உருட்டியதற்குச் சமம் என்றார் நண்பர் ஒருவர். பெருக்குமெண்ணில் ஒரு பூச்சியம் இருப்பதால் உண்மையிற் செய்ய வேண்டியவை 96 தான். ஏழு மூன்று முறை வருகிறது. 761838257287இன் ஏழு மடங்காகிய 5332867801009 என்பதை ஒருமுறை கண்டு வைத்துக்கொண்டால் மூன்று வரிகளுக்கும் உதவும். கூட்டும்போதுதான் கை தடுமாறும். சரிபார்க்க ஒன்பதைத் தள்ளும் பழைய முறை உண்டல்லவா? முதற் காரணியின் இலக்கங்களைக் கூட்ட 37, மேலும் கூட்ட 10, மேலும் கூட்ட 1. இரண்டாவதன் இலக்கங்களைக் கூட்ட 64, அதிலிருந்து 10, அதிலிருந்து 1. ஒன்றை ஒன்றாற் பெருக்க ஒன்று. பெருக்கத்தின் இலக்கங்கள் 109. அதுவும் 10 ஆகி 1 ஆகிறது. இது நிறுவலாகாது, ஆயினும் மனம் ஆறுதல் கொள்கிறது. முழுப் பெருக்கலும் முடிந்து 147573952589676412927 அடிவரியிலே வந்து நின்றபோது நமக்கு நேர்ந்த மகிழ்ச்சி சொல்லுந்தரத்ததன்று. நம் மூவருக்கும் அரை மணி சென்றது. கோலுக்கோ மூன்றாண்டு.

இந்த வேறுபாட்டிலேதான் இவ்வெண்ணின் உண்மைப் பெருமை அடங்கியிருக்கிறதென்பது நம் கருத்து. இரு காரணிகளையும் தந்துவிட்டால் பெருக்குவது சிறுபிள்ளை வேலை. பெருக்கத்தைத் தந்து காரணிகளைக் கேட்டால் வல்லவனும் திணறுவான். போகும் வழி மேட்டு நிலமாகவும் வரும் வழி செங்குத்தாகவும் இருக்கும் விந்தை இது. கோலின் காலத்தில் இதனால் ஒருவருக்கும் காற்சதப் பயனும் இருந்ததில்லை. 1977இலே ரிவெஸ்ட், சமீர், அடில்மன் என்ற மூவர் இவ்விந்தையையே பூட்டாக்கி இரகசியச் செய்தி அனுப்பும் முறையொன்றை வகுத்தனர். பெருக்கத்தை ஊரறிய வெளியிடலாம். காரணிகளை அறிந்தவன் மட்டுமே செய்தியைத் திறக்க முடியும். அவ்வாண்டிலேயே 129 இலக்க எண்ணொன்றை வெளியிட்டு உடைக்குமாறு உலகுக்கு அறைகூவல் விடுத்தனர். பதினேழு ஆண்டு சென்று, 1994இல், அறுநூறு பேரளவில் தங்கள் கணனிகளைச் சேர்த்து உழைத்தே அதை உடைத்தனர். பின்னர் வங்கிகளும் வணிகரும் இம்முறையின் காவலையே நாடினர்.

மெர்சென் பட்டியலின் எச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 257உம் பொய் என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெரிந்தது. 1947அளவில் 257 வரையுள்ள சுட்டிகள் யாவும் சரிபார்க்கப்பட்டு முடிந்தன. துறவியாரின் வாக்கைத் தீர்க்க முந்நூறு ஆண்டு சென்றது. அதற்கு ஐந்தாண்டுக்குப் பின், 1952 சனவரி 30ஆம் நாள், லொஸ் ஏஞ்சல்சிலிருந்த கணனியொன்று, இரபேல் இரொபின்சன் எழுதிக் கொடுத்த கட்டளைகளின்படி 521, 607 என்ற இரு சுட்டிகளை ஒரே நாளிற் கண்டது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ஐம்பத்திரண்டாவது எண்ணின் சுட்டி 136279841. எண்ணிலுள்ள இலக்கங்கள் 4 கோடியே 10 இலட்சத்து 24 ஆயிரத்து 320. கோல் 1926இல் இறந்தார். அவர் பெயரால் 1928இல் ஏற்பட்ட பரிசை அமெரிக்கக் கணிதச் சங்கம் இயற்கணிதத்துக்கும் எண் கணிதத்துக்குமாக வழங்கிவரலாயிற்று. அவரை மூன்றாண்டு அலைக்கழித்த எண்ணை இன்றைய கணனி கண்ணிமைக்கு முன் உடைத்துத் தருகிறது.

எனினும் கணனியின் கை எட்டாத எண்ணொன்றை லூக்காசின் 127 நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது. இரண்டின் இரண்டாம் வலுவில் ஒன்று குறைக்க 3. அம்மூன்றையே சுட்டியாக்க 7. ஏழைச் சுட்டியாக்க 127. அதனைச் சுட்டியாக்க லூக்காசின் 39 இலக்க எண். நான்கும் முதன்மை எண்கள். அந்த 39 இலக்க எண்ணையே சுட்டியாக வைத்தால் வருவதும் முதன்மை எண்ணா? 1876இலேயே கற்றலான் என்ற கணிதர் இவ்வரிசையைக் குறிப்பிட்டார். அவ்வெண்ணை எழுத உலகிலுள்ள காகிதமெல்லாம் போதாது. லூக்காசின் சோதனையைச் செய்யவும் காலம் போதாது. அதற்குக் காரணியொன்று இருக்குமாயின், அது 39 இலக்க எண்ணின் இரட்டைப்படை மடங்கொன்றிலும் ஒன்று கூடியதாயிருக்கும் என்பது மட்டும் உறுதி. அவ்வழியே தேடியவர்கள் பலர். இன்றுவரை ஒன்றும் அகப்படவில்லை.